ஆறாம் ஃபாரத்து அக்கா

அந்த அச்சகத்தின் பைண்டிங் பகுதியில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. நீளமாக ஒரே மேசை, அதைச் சுற்றிப் பதினொரு ஸ்டூல்கள். புத்தகத்தின் பெரிய தாள் ஒவ்வொன்றிலும் பதினாறு பக்கங்கள் அச்சாகி வரும். அதற்கு ஃபாரம் என்று பெயர். முதல் ஸ்டூல்காரி முதல் ஃபாரத்தை மடிப்பாள், இரண்டாவது ஸ்டூல்காரி இரண்டாவதை. பெரிய புத்தகங்களுக்கு மிஷின் இருந்தது. மெலிந்த புத்தகங்கள்தான் கைமடிப்புக்கு வரும். யார் எந்த ஃபாரத்தை மடிக்கிறாளோ அந்த எண்தான் அவள் பெயர். "மூணு இன்னைக்கு லீவா?" என்பார்கள். "எட்டு, உன் முழங்கை என் தாள்ல படுது" என்பார்கள். வெளியாள் கேட்டால் ஏதோ பஸ் ரூட் பேசுகிறார்கள் என்று நினைப்பான்.

நம்மவள் ஆறு. ஆறாம் ஃபாரம் என்றால் எண்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து தொண்ணூற்றாறு வரை. "ஆறுன்னா ஓடணும். இது என்ன ஆறு, காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே இடத்துல உட்கார்ந்திருக்குது" என்று அவள் கணவன் கிண்டல் செய்வான். அவன் லிப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். நாளெல்லாம் மேலும் கீழும் போய்வருகிறவனுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை என்றாலே கொஞ்சம் இளக்காரம்தான்.

அவள் ஏழாம் வகுப்போடு நின்றவள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் வீட்டு வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. மூன்று பெண்களில் நடுவில் இருந்தவளைப் பள்ளியிலிருந்து எடுத்தார்கள். மூத்தவள் கெட்டிக்காரி, இளையவள் சின்னவள். நடுவில் இருப்பவர்களுக்கு இப்படித்தான் காரணமே இல்லாமல் காரணம் கிடைக்கும். அதன்பின் ஒரு துணி ஆலையில் ஏழு வருஷம் சட்டைகளின் நூல் பிசிறு வெட்டினாள். ஆலையை மூடினார்கள். கல்யாணம், ஒரு மகள், பிறகு இந்த அச்சகம்.

மடிப்பு வேலையில் கைக்குத்தான் வேலை. எலும்புக் கத்தியால் அழுத்தி இழுத்து, திருப்பி, மறுபடி அழுத்தி இழுத்தால் ஒரு ஃபாரம் முடிந்தது. மூன்று மாதத்தில் கை தானாகப் பழகிவிடும். கண்ணுக்கு வேலை இல்லை. அவள் கண் தாளின் மேல் மேய ஆரம்பித்தது. ஒரு வரி இங்கே, ஒரு வரி அங்கே. ஒரே ஃபாரத்தை மூவாயிரம் தடவை மடித்தால் மூவாயிரம் வரியைப் பார்த்துவிடலாம். இப்படிப் பதினோரு வருஷத்தில் அவள் சேர்த்துவைத்திருந்த அறிவு ஒரு தினுசானது. வண்டி ஓட்டும் பாடப்புத்தகத்தில் அவளுக்கு வந்தது பின்னால் எடுப்பது பற்றிய பகுதி; லாரியை எப்படி ரிவர்ஸ் எடுப்பது என்று கரைத்துக் குடித்திருந்தாள், முன்னால் எப்படிப் போவது என்று தெரியாது. உடல்நல நூலில் கல்லீரல். மற்ற உறுப்புகள் எதைப் பற்றியும் ஒரு வார்த்தை தெரியாது. நாத்தனார் வீட்டில் யாருக்காவது வயிற்று வலி என்றால், "கல்லீரல் டாக்டரைக் கூப்பிடுங்க" என்று சிரிப்பார்கள். துப்பறியும் கதையில் எல்லாரையும் விசாரித்துக்கொண்டே இருப்பார்கள், கொன்றது யார் என்று மட்டும் தெரியாது. பதினொன்றைத்தான் கேட்க வேண்டும். எல்லாக் கதைகளின் முடிவும் தெரிந்த பதினொன்று அலட்டிக்கொள்ளாமல், "தோட்டக்காரன்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுப்பாள்.

அந்த மேசைக்குத்தான் ஒருநாள் அந்த நாவல் வந்தது.

பதின்வயதுப் பிள்ளைகளுக்கான மொழிபெயர்ப்பு. ஆப்பிரிக்காவின் நாட்டுப்புறக் கதைகளிலிருந்து எடுத்துச் செய்த வேடிக்கைக் கதை. வானம் ஒரு காலத்தில் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது, தானியம் குத்தும் பெண்களின் உலக்கை இடித்து இடித்து அது கோபித்துக்கொண்டு மேலே போய்விட்டது என்று அங்கே ஒரு பழங்கதை உண்டு. அந்த வானம் இப்போது தினமும் ஒரு சாண் இறங்கி வருகிறது என்பதில் நாவல் தொடங்கும். இதெல்லாம் ஆறு தெரிந்துகொண்டது பிறகுதான். அவள் கையில் இருந்தது எண்பத்தொன்று முதல் தொண்ணூற்றாறு வரை.

எண்பத்து நான்காம் பக்கத்தில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். நிஜத்தில் அவர் ஒரு கழுதைப்புலி. மனிதத் தோல் போர்த்திக்கொண்டு வேலைக்கு வருகிறார். பாடம் நன்றாக எடுப்பார், பிள்ளைகளை அடிக்க மாட்டார். ஒரே பிரச்சினை, யாராவது அழுதால் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியாது. தலைமையாசிரியரின் மாமியார் செத்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனவர், டஸ்டரை வாயில் திணித்துக்கொண்டு நிற்கிறார். "பாவம், அவருக்குத் தாங்க முடியாத துக்கம்" என்று சொந்தக்காரர்கள் அவர் முதுகைத் தடவிக் கொடுக்கிறார்கள். தடவத் தடவ அவருக்கு இன்னும் சிரிப்பு.

ஆறு சிரித்துவிட்டாள். சின்னச் சிரிப்பாக இல்லை. எலும்புக் கத்தி கீழே விழுந்தது, பக்கத்து ஸ்டூல்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். மேசைத் தலைமாட்டில் நின்ற மேஸ்திரி கேட்டார், "என்னம்மா ஆறு, தாள் கிச்சுகிச்சு மூட்டுதா?"

"இல்லண்ணே, இருமல்."

அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பதினாறு பக்கத்தையும் முன்னும் பின்னுமாகப் படித்து முடித்துவிட்டாள். தொண்ணூற்றாறாம் பக்கத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: "அவள் கதவைத் திறந்தாள். வாசலில் நின்றுகொண்டிருந்தது," அவ்வளவுதான். கமா போட்டு நின்றுவிட்டது.

பதினோரு வருஷத்தில் எத்தனையோ வரிகள் இப்படிப் பாதியில் நின்றிருக்கின்றன. அவள் பொருட்படுத்தியதில்லை. இந்த ஒன்றை விட முடியவில்லை.

மறுநாள் காலை ஏழிடம் கேட்டாள். "ஏழு, உன் தாள்ல முதல் வரி என்ன போட்டிருக்கு? கொஞ்சம் பார்த்துச் சொல்லு."

ஏழு தாளைப் பார்க்கவில்லை. எலும்புக் கத்தியை ஒருமுறை துடைத்தாள். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள், "எனக்கு எழுத்து பிடிபடாது ஆறு. ஓரத்துல இருக்கிற குறியைப் பார்த்துத்தான் மடிக்கிறேன். நீயே பாத்துக்க."

ஆறு வருஷம் தோளோடு தோள் உட்கார்ந்தவள். இது தெரியாமலேயே இருந்துவிட்டோமே என்று ஆறுக்கு மனசு கூசியது. தாளை வாங்கி, மெதுவாக, ஏழுக்கு மட்டும் கேட்கும்படி படித்தாள்: "ஒரு முரசு. அதுவும் மூச்சு வாங்கிக்கொண்டு."

"எந்த முரசு?" என்றாள் ஏழு.

"தெரியலையே."

"அது ஏன் மூச்சு வாங்குது? எங்கேர்ந்து ஓடி வந்துச்சு?"

"என் தாள்ல முரசே இல்ல ஏழு. முன்னாடி எங்கேயாவது வந்திருக்கணும்."

"அப்ப முன்னாடிலேர்ந்து படிக்கணும்" என்றாள் ஏழு, ஏதோ மேஸ்திரியே உத்தரவு போட்டதுபோல. கதை கேட்பதில் அவளுக்கு அத்தனை கண்டிப்பு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அச்சு ஓட ஆரம்பிக்கும்போது மை சரியாக ஏறாமல் கொஞ்சம் தாள்கள் வீணாகும். அவை சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் விரிக்கத்தான் பயன்படும். அவற்றிலிருந்து ஒவ்வொரு ஃபாரத்துக்கும் ஒரு தாளைப் பொறுக்கி எடுத்தார்கள். நல்ல வேளையாக, மேலட்டை வர இரண்டு வாரம் ஆகும் என்று தகவல் வந்தது. நடுவில் வேறு அவசர வேலைகள் வந்துவிட்டதால், இந்தப் புத்தகத்தின் மடித்த கட்டுகள் சுவரோரமாக அடுக்கிக் கிடந்தன. மதியச் சாப்பாட்டு நேரம் ஒரு மணி நேரம். டப்பாவைத் திறந்ததும் வாசிப்பு என்று முடிவாயிற்று.

முதல் நாள் ஒன்று படித்தாள். அவள் பத்தாவது வரை போனவள், வேகமாகப் படிப்பாள். ஆனால் பரீட்சைக்கு ஒப்பிப்பதுபோல மூச்சு விடாமல் போனாள். "ஏம்மா, யாராவது துரத்துறாங்களா?" என்று எட்டு கேட்டாள். இரண்டு படித்தபோது வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். மூன்று, "எனக்குக் கண்ணாடி வீட்டுல இருக்கு" என்று தப்பித்தாள். ஏழு கையை நீட்டி ஆறைக் காட்டினாள். "அவளைப் படிக்கச் சொல்லுங்க. நேத்து எனக்கு ஒரு வரி படிச்சா. முரசு மூச்சு வாங்கினது எனக்குக் கேட்டுச்சு."

ஆறுக்கு வியர்த்தது. பள்ளிக்கூடத்தில் கடைசியாகச் சத்தம் போட்டுப் படித்து இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று. எழுத்துக் கூட்டித்தான் ஆரம்பித்தாள். முதல் நாள் ஒரு மணி நேரத்தில் ஒன்பது பக்கம்தான் ஓடியது. யாரும் குறை சொல்லவில்லை.

கதை இதுதான். பள்ளியிலேயே உயரமான ஒரு பெண். எல்லாரும் நெட்டை என்பார்கள். இறங்கி வரும் வானம் முதலில் இடித்தது அவள் தலையில். யாரும் நம்பவில்லை, உயரமானவர்கள் எதிலாவது இடித்துக்கொள்வது சகஜம்தானே. அவளுக்குத் துணையாக ஓர் ஆமை வருகிறது. தன்னை வக்கீல் என்று சொல்லிக்கொள்ளும். சட்டம் படித்ததற்கு ஒரு ஆதாரமும் இல்லை. இன்னொரு துணை அந்த முரசு. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது, ரகசியமும் காக்கத் தெரியாது. நெட்டை யாரிடமிருந்தாவது ஒளிந்தால், "இங்கே இல்லை, இந்த அலமாரிக்குப் பின்னால் நாங்கள் இல்லவே இல்லை" என்று கத்திக் காட்டிக் கொடுத்துவிடும். மூவரும் வானத்திடம் போய்ப் பேசி அதை மேலே அனுப்ப வேண்டும்.

மூன்றாம் நாள் ஆமை வாய் திறந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. "பாருங்கள் அம்மா, விஷயம் என்னவென்றால்" என்று ஆமை எதையும் சுற்றி வளைத்துத்தான் தொடங்கும். ஆறு நினைத்துச் செய்யவில்லை. அந்த வரி அவள் வாயில் மேஸ்திரியின் குரலில் வந்துவிட்டது. அதே இழுப்பு, அதே மூக்கடைப்பு. மேசையே குலுங்கியது. பத்துக்குப் புரையேறி, ஒன்பது அவள் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. கதவருகே நின்ற மேஸ்திரி, "ஆமை யார் மாதிரியோ பேசுதே" என்றார். எல்லாரும் டப்பாவுக்குள் குனிந்துகொண்டார்கள். மறுநாளிலிருந்து அவர் தன் டப்பாவைக் காகிதக் கட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். கட்டு அவரை மறைத்தது. காதை மறைக்கவில்லை.

வீட்டில் அவள் மகளுக்குப் பதினான்கு வயது. அந்த வயதில் அம்மாவிடம் பேச என்ன இருக்கும்? "சாப்பிட்டியா", "ம்", "ஹோம்வொர்க் முடிச்சியா", "ம்". பல்லைப் பிடுங்கினாலும் இரண்டாவது சொல் வராது. காலையில் தலை பின்னிவிடும் பத்து நிமிஷம் மட்டும் ஓடிவிட முடியாமல் அகப்படுவாள். ஒருநாள் அந்தப் பத்து நிமிஷத்தில் ஆறு சும்மா கழுதைப்புலி வாத்தியாரைப் பற்றிச் சொன்னாள். பின்னலுக்குக் கீழிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பிறகு, "எங்க கணக்கு சாரும் அப்படித்தாம்மா" என்றது குரல். ஒரே மூச்சில் நான்கு சொல். ஆறு சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அன்றிலிருந்து முந்தின நாள் மதியம் மேசையில் படித்தது மறுநாள் காலை பின்னலில் இறங்கும். மகள் சீக்கிரம் எழுந்து தானே எண்ணெயும் சீப்பும் கொண்டுவந்து உட்கார ஆரம்பித்தாள். சில நாள் இரட்டைப் பின்னல் கேட்டாள். அதற்கு நேரம் அதிகம் பிடிக்கும்.

எட்டாம் ஃபாரத்தின் முடிவில் முரசு செத்தது. வானத்தின் காவல்காரர்களிடமிருந்து நெட்டையைக் காப்பாற்ற, தன்னால் முடிந்த அளவு பெரிய சத்தம் போட்டு, தோல் கிழிந்து, பேச்சு நின்றுபோயிற்று. மேசையில் யாரும் சாப்பிடவில்லை. ஏழு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காகிதக் கட்டுக்கு அந்தப் பக்கமிருந்து மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மறுநாள் ஒன்பதாம் ஃபாரம். முதல் வரியிலேயே முரசு வானத்தின் சபையில் நின்று வாயாடிக்கொண்டிருந்தது. "அட, பிழைச்சுடுச்சா" என்று எல்லாருக்கும் சந்தோஷம். எப்படிப் பிழைத்தது என்று யாரும் கேட்கவில்லை. எட்டுப் பக்கம் தள்ளி, நெட்டை கிழிந்த முரசை மடியில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தாள். ஆற்றில் வாழும் பெண் ஒருத்தி கரையேறி, தன் தலைமுடியையே நூலாக்கி முரசின் தோலைத் தைத்துக் கொடுத்தாள். "இது மறுபடி எப்பக் கிழிஞ்சுது?" என்று எட்டு கேட்டாள். "மந்திரக் கதை, அப்படித்தான் இருக்கும்" என்றாள் ஒன்று. ஆறுக்கும் அது சரியென்றே பட்டது. தனக்குத்தான் ஏதோ விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தாள்.

காலையில் பின்னும்போது அதே வரிசையில் சொன்னாள். மகள் தலையைத் திருப்பினாள், பின்னல் கையிலிருந்து நழுவியது.

"இரு. நேத்துதானே செத்துப்போச்சுன்னு சொன்னே."

"ஆமா."

"அப்புறம் தைக்கிறதுக்கு முன்னாடியே எப்படிம்மா சபையில பேசுது?"

"மந்திரக் கதைதானே கண்ணு."

"மந்திரக் கதைன்னா என்ன வேணா நடக்கும்னு இல்லம்மா. அதுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு. செத்தா செத்ததுதான். பிழைச்சா, எப்படிப் பிழைச்சுதுன்னு சொல்லியே ஆகணும். இல்லாட்டி அது ஏமாத்து." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள், "ரெண்டும் இடம் மாறியிருக்கும்மா. ஆத்தங்கரைதான் முதல்ல. போய்ப் பாரு."

பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது, ஆனால் நின்றுகொண்டே போனாள். அச்சகத்துக்குள் நுழைந்ததும் ஒன்பதாம் ஃபாரத்தைப் பிரித்து, முதல் எட்டுப் பக்கங்களையும் அடுத்த எட்டுப் பக்கங்களையும் இடம் மாற்றி மனசுக்குள் படித்துப் பார்த்தாள். நீரோட்டம்போலப் போயிற்று. பக்க எண்கள் நூற்றிருபத்தொன்பதிலிருந்து நூற்று நாற்பத்துநான்கு வரை பிசகில்லாமல் வரிசையாக இருந்தன. எண்ணைப் பார்த்துச் சரிபார்க்கிறவர்கள் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அத்தியாயங்களுக்கு எண் இல்லை, தலைப்பு மட்டும்தான்.

அன்று காலைதான் மேலட்டையும் வந்து இறங்கியிருந்தது. ஃபாரங்களைச் சேர்த்துத் தைக்கும் மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, ஒன்பதாவது தப்பா இருக்கு."

மேஸ்திரி எண்களைப் பார்த்தார். "சரியாத்தானேம்மா இருக்கு."

"எண்ணு சரிண்ணே. கதை தப்பு. முரசு தைக்கிறதுக்கு முன்னாடியே பேசுது."

"பாரும்மா, விஷயம் என்னன்னா" என்று தொடங்கியவர், தன் குரல் தனக்கே ஆமைபோலக் கேட்டதாலோ என்னவோ, பாதியில் நிறுத்தினார். "இது மாயாஜாலக் கதை. வானம் இறங்குது, ஆமை வக்கீலாகுது. அதையெல்லாம் ஒத்துக்கிட்டு முரசு பேசினதுக்கு மட்டும் கணக்குக் கேட்டா எப்படி? மத்தியானம் தையல் ஆரம்பிக்கணும். போய் வேலையைப் பாரு."

பதினோரு வருஷத்தில் அவள் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றும் அதற்குமேல் வாதாடவில்லை. போய், ஒன்பதாம் ஃபாரக் கட்டுகள் அடுக்கியிருந்த இடத்தில், அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். மேஸ்திரி பார்த்துக்கொண்டே நின்றார். ஏழு தன் ஸ்டூலை விட்டு எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு ஒன்பது வந்தாள். "என் ஃபாரம், என் பொறுப்பு" என்றாள். அதற்குப் பிறகு எட்டு. கட்டின் மேல் இடமில்லாமல் போனதும் மற்றவர்கள் சுற்றி நின்றார்கள்.

"மந்திரக் கதைக்கும் ஒரு ஒழுங்கு இருக்குண்ணே" என்றாள் ஆறு. "ஒரே ஒரு போன் பண்ணுங்க. நான் சொன்னது தப்புன்னா அப்புறம் நீங்க சொல்றபடி கேக்கறேன்."

மேஸ்திரி கெட்ட மனிதர் இல்லை. முரசு செத்த அன்று மூக்கு உறிஞ்சியது யார் என்று அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். பதிப்பகத்துக்குப் போன் போட்டார்.

ஒரு மணி நேரத்தில் பதிப்பாசிரியர் அம்மா வந்துவிட்டார். ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி, கையில் மூலப் புத்தகம். நின்றபடியே இரண்டையும் ஒப்பிட்டார். மூன்றாவது பக்கம் திருப்பியபோது பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பக்கம் அமைத்தவர் கணினியில் இரண்டு அத்தியாயங்களை முன்பின்னாகப் போட்டிருந்தார். அதற்குப் பிறகு பார்த்த எல்லாரும் எழுத்துப் பிழைகளைத்தான் பார்த்திருந்தார்கள்.

"மூவாயிரம் பிள்ளைங்க கையில போயிருக்கும்" என்றார் அவர். "இதை யாரு கண்டுபிடிச்சது?"

"என் பொண்ணுதாங்க" என்றாள் ஆறு. "ஒன்பதாங்கிளாஸ் படிக்கிறா."

"அவளுக்கு எப்படிப் புத்தகம் கிடைச்சுது?"

அப்போதுதான் மதிய வாசிப்பு, பின்னல், வீணான தாள்கள் எல்லாம் வெளியே வந்தன. அச்சகத்துக்குள் இப்படி ஒன்று நடந்ததற்கு யார் திட்டு வாங்கப் போகிறோமோ என்று பதினொரு பேரும் தலை குனிந்து நின்றார்கள். பதிப்பாசிரியர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "மிச்சம் ரெண்டு ஃபாரம் இருக்கே. இன்னைக்கு மத்தியானம் நானும் உக்காரலாமா?" என்று கேட்டார்.

ஒன்பதாம் ஃபாரம் மட்டும் மறுபடி அச்சாயிற்று. ஒன்பதுக்கு உதவியாக எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் மடித்தார்கள். வானம் எப்படி மேலே போயிற்று என்பதைப் பத்தாவதும் பதினொன்றாவதும் சொல்லின. அது கோபத்தில் இறங்கி வரவில்லையாம். மேலே தனியாக இருக்க முடியாமல், கீழே பேசுவதைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து கேட்கத்தான் இறங்கி வந்ததாம். முரசு தினம் ஒருவேளை ஊர்ச் செய்திகளை உரக்கச் சொல்வதாக ஒப்புக்கொண்டது. அதற்கு வேறு என்ன தெரியும்? ஆமை ஒப்பந்தம் எழுதியது. அதில் பதினேழு பிழைகள் இருந்தன, வானம் பெருந்தன்மையாகக் கையெழுத்துப் போட்டது. பதினொன்று முதன்முறையாக, முடிவு தெரிந்தும் வாயைத் திறக்காமல் இரண்டு நாள் தாக்குப்பிடித்தாள். அதை அவள் செய்த பெரிய உபகாரம் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

புத்தகம் வண்டி ஏறிய அன்று பதிப்பாசிரியர் பதினொரு பிரதிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, ஆளுக்கு ஒன்று கொடுத்தார். மேஸ்திரிக்குப் பன்னிரண்டாவது. அச்சகத்தில் வேலை செய்தும் அவர்களில் யார் வீட்டிலும் அதுவரை பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகம் இருந்ததில்லை. ஏழு தன் பிரதியை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "என் தாள் இதுல எங்கே இருக்கு, காட்டு" என்றாள். ஆறு தொண்ணூற்றேழாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். ஏழு தன் தலையிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து அங்கே செருகிக்கொண்டாள். அந்தக் கிளிப் இன்னும் அங்கேயே இருப்பதாகக் கேள்வி.

பதிப்பாசிரியர் போகும்போது அச்சக முதலாளியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த மாதம் ஆறை மாடிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே பிழை திருத்தும் அறை. ஒருவர் மூலத்தைச் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் அச்சுப்படியைப் பார்த்துத் திருத்த வேண்டும். படிக்கிற ஆள் வேலையை விட்டுப் போய்விட்டான். "எனக்கு ஏழாவதுதாங்க" என்று ஆறு சொன்னாள். திருத்துபவர் அறுபது வயதுக்காரர், சுருக்கமாகப் பேசுபவர். "படிப்பை நான் பாத்துக்கறேன். எங்களுக்கு நிதானமா படிக்கிற ஆள்தாம்மா வேணும்" என்றார்.

மெதுவாகப் படிப்பதற்கு ஒரு மதிப்பு இருக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. முதல் வாரம் வந்தது ஒரு சிமெண்ட் ஆலையின் ஆண்டறிக்கை. கமாவைக்கூட விடாமல் வாயால் சொல்ல வேண்டும். அதையும் அவள் ஆசையாகவே படித்தாள். முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, கடைசிப் பக்கம் வரை போய் முடிந்தது அது.

இதெல்லாம் நடந்து இப்போது ஐந்து வருஷம். மகள் கல்லூரிக்குப் போகிறாள், தலையைத் தானே பின்னிக்கொள்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் ஆறு கீழே இறங்கி வந்துவிடுவாள். ஸ்டூலில் இப்போது வேறொரு பெண் இருக்கிறாள், அவளைத்தான் ஆறு என்று கூப்பிட வேண்டும். ஆனால் பழைய ஆறு வந்திருக்கும்போது யாராவது "ஆறு" என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். யாராவது அவளை, எப்படி மாடிக்குப் போனே என்று கேட்டால், அவள் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஏழு தாளைத் தள்ளிக் கொடுத்ததைச் சொல்வாள், மகள் கழுத்தைத் திருப்பியதைச் சொல்வாள், மேஸ்திரி போனை எடுத்ததைச் சொல்வாள். எங்கேயோ உட்கார்ந்து அந்தக் கழுதைப்புலி வாத்தியாரை எழுதிய அம்மா எந்த ஊரோ, என்ன பாஷை பேசுவாரோ, நன்றாக இருக்கட்டும் என்பாள். பிறகு டப்பாவைத் திறந்து பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு, அன்று மாடியில் படித்ததில் எது நன்றாக இருந்தது என்று சொல்ல ஆரம்பிப்பாள்.